காற்றாடியில் டீசல் வாசனை

அக்காவின் மூக்கை ஏமாற்ற முடியாது என்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஒரு சட்டையைக் கடை மேசையில் போட்டால் காலரைப் புரட்டுவாள், அக்குள் பக்கம் ஒருமுறை முகர்வாள், பாக்கெட்டுக்குள் இரண்டு விரலை விடுவாள். அவ்வளவுதான். சட்டைக்காரர் நேற்று எங்கே சுற்றினார், வீட்டில் என்ன கதை விட்டார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்தில் முக்கியமான கூட்டம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போன ஒருவரின் சட்டைக் கையில் தூண்டில் புழு வாசனை இருந்தது. அக்கா யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் சட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மீன் ஏதாவது மாட்டுச்சா சார்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அந்த மனிதர் சலவைக் கூலியில் பேரம் பேசியதே இல்லை.

முதுகுக்குப் பின்னால் அவளுக்கு மோப்பக்கா என்று பெயர். முகத்துக்கு நேராக, அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மரியாதைதான். கொஞ்சம் பயமும் உண்டு.

கடையில் மூன்று சலவை இயந்திரம், ஓர் உலர்த்தி, ஒரு நீண்ட மேசை, மேசைக்குப் பின்னால் அவள் கணவர். அவர் இஸ்திரி போடுகிறவர். பேச்சு குறைவு. என்ன கேட்டாலும் அவர் கையில் இருக்கும் நீராவிப் பெட்டிதான் பதில் சொல்லும். ஒரு புஸ் என்றால் சரி. இரண்டு புஸ் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம். கல்யாணமான நாளிலிருந்து அக்கா இந்த மொழியில்தான் குடும்பம் நடத்துகிறாள்.

மாடி அறையில் அவள் தம்பி இருந்தான். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. அக்காதான் போட்டுவிட்டாள், தலை வாரிவிட்டாள், முதுகில் அறைந்து பாடம் படிக்க வைத்தாள். இப்போது அவன் ஊருக்கு வெளியே மேட்டில் நிற்கும் காற்றாலைகளில் ஏறி, பற்சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்து, போல்ட் முறுக்குகிற வேலையில் இருந்தான். தெருவே அவனைக் காத்தாடி என்றது. உலகத்தில் அக்கா முகர்ந்து பார்க்காமல் துவைத்த துணி ஒன்று உண்டென்றால் அது அவன் துணிதான். அவனுடைய பாக்கெட்டை உதறுவாளே தவிர, உள்ளே என்ன இருந்தது என்று பார்க்கமாட்டாள். இதை அவளே கவனித்ததில்லை. அவள் கணவர் கவனித்திருந்தார், ஆனால் அவர்தான் புஸ் ஆயிற்றே.

கடைக்குக் காற்று மின்சாரம் வாங்கலாம் என்று சொன்னவன் அந்தத் தம்பிதான். மேட்டில் சுற்றுவதிலிருந்து வருகிற கரண்டை மட்டும் விற்கிற ஒரு கம்பெனி இருக்கிறது, அதில் சேர்ந்துவிடு என்றான். அக்கா கேட்ட முதல் கேள்வி, "காத்துக்கு யாராவது காசு கேப்பாங்களா?" என்பது. கேட்கமாட்டார்கள் என்றான். அப்படியானால் விலை ஏறாதே என்றாள். அவன் கொஞ்சம் யோசித்து, ஏறக் கூடாதுதான் என்றான். அந்தக் 'கூடாதுதான்' என்ற சொல்லை அக்கா அப்போது முகர்ந்து பார்க்கத் தவறிவிட்டாள்.

சேர்ந்ததோடு நிற்கவில்லை. கடை வாசலில் ஒரு பலகை வைத்தாள். 'இங்கே காற்றில் துவைக்கப்படும்.' அதைப் பார்த்துவிட்டு ஒருவர் உள்ளே வந்து, அப்படியென்றால் தண்ணீரே ஊற்றமாட்டீர்களா, என் கம்பளிக்கு அதுதான் நல்லது என்று விசாரித்தார். அவரை அனுப்பி வைக்கப் பாதி காலை போயிற்று. ஆனாலும் பலகையை எடுக்கவில்லை. மேட்டில் காற்றாடி சுற்றுவது கடை வாசலிலிருந்தே தெரியும். இயந்திரம் ஓடும்போது வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பாள். தன் சொந்தக் காற்றைத் தானே மேய்ப்பது போல ஒரு பெருமை.

அப்புறம் எங்கோ தொலைதூரத்தில் ஏதோ தகராறு. எரிவாயு வருகிற குழாயில் பாதியை அடைத்துவிட்டார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். எரிவாயு விலை எகிறியது. அக்கா அதைக் கேட்டுவிட்டு, பாவம் ஊர் ஜனம் என்று உச்சுக்கொட்டினாள். தனக்கு அதில் சம்பந்தமில்லை என்ற நிம்மதி அந்த உச்சுக்கொட்டலிலேயே இருந்தது.

அடுத்த மின்கட்டணம் வந்தது. அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்தும் பார்த்தாள். கணவரிடம் நீட்டினாள். புஸ், புஸ்.

கம்பெனிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். நெடுநேரம் ஏதோ இசை ஓடியது. பிறகு ஒரு பெண் வந்தாள். ரொம்பப் பணிவான குரல். பணிவான குரல் என்றாலே அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிடும். அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். காற்று எல்லா நேரமும் போதாது, போதாத நேரத்தில் எரிவாயு மின்நிலையத்தையும் ஓட்டித்தான் ஊருக்குக் கரண்ட் கொடுக்கிறார்கள், சந்தையில் கடைசியாகச் சேர்க்கிற நிலையம் என்ன விலை கேட்கிறதோ அதுதான் அந்த நேரத்தில் எல்லாருக்கும் விலை, காற்றாலைக்கும் அதே விலைதான் என்றாள்.

"நான் வாங்கறது காத்து. எரிவாயு ஏறினா எனக்கு ஏன் ஏறணும்?"

"சந்தை விலை அப்படிம்மா."

"ஏன் அப்படி?"

அந்தப் பக்கம் ஒரு மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "அப்படித்தான்ம்மா," என்றாள் அந்தப் பெண்.

அக்கா போனை வைத்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அவள் காதில் பூ சுற்றப் பார்த்திருக்கிறார்கள். சட்டையில் இருப்பது தக்காளிச் சாறுதான் என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு. ஆனால் 'அப்படித்தான்' என்று ஒற்றைச் சொல்லில் சுற்றியவர்கள் யாரும் இல்லை.

தம்பியைக் கேட்டாள். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மேலே ஏறுவது, கிரீஸ் வைப்பது, இறங்குவது, அதற்கு மேல் நான் எதையும் கேட்டதில்லை அக்கா, முதலாளி எந்த விலைக்கு விற்றால் எனக்கென்ன, சம்பளம் அதே சம்பளம்தான் என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தான் சொல்லித்தானே அக்கா சேர்ந்தாள் என்ற சங்கடத்தில் திருப்பினான். முகத்தைத் திருப்புகிறவர்களை அக்கா எந்தக் கணக்கில் வைப்பாள் என்பது தெருவுக்கே தெரியும். அவன் மறந்துவிட்டான்.

அந்த வாரம்தான் அவனுடைய வேலை உடுப்பை இயந்திரத்தில் போடும் முன், வாழ்க்கையில் முதல்முறையாக அக்கா அதை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

டீசல்.

கிரீஸ் இருந்தது, இரும்புத் துரு இருந்தது, வியர்வை இருந்தது. அவற்றுக்கெல்லாம் மேலே, கையிலும் முழங்காலிலும் சொட்டச் சொட்ட டீசல். அக்கா உடுப்பை மேசையில் விரித்துப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். காற்றாடிக்கு டீசல் எதற்கு? மேட்டுக்குப் போகிறவன் மேல் பெட்ரோல் பங்க் வாசனை எப்படி வரும்? எண்ணெய், எரிவாயு விலையெல்லாம் ஏறும்போது காற்று விலையும் ஏறுகிறது. காற்றாடிக்காரன் துணியில் டீசல். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கணக்கு நேராக வந்து நின்றது. அந்தக் கம்பத்துக்குள் டீசல் எஞ்சினை ஒளித்து வைத்து ஓட்டுகிறார்கள். மேலே இறக்கை சும்மா பொம்மைக்குச் சுற்றுகிறது. ஊரே வாயைப் பிளந்து பார்க்கிறது.

கணவரிடம் சொன்னாள். அவர் பெட்டியை நிறுத்தியே வைத்துவிட்டார். எந்தச் சத்தமும் இல்லை. அப்படி ஒரு பதிலை அவள் அதுவரை கேட்டதில்லை.

அதன் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மேட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு நாள் காற்றே இல்லை. கொடியில் போட்ட கைக்குட்டைகூட அசையவில்லை. மேட்டில் இறக்கை எல்லாம் செத்த மாதிரி நின்றது. ஓடிவந்து இயந்திரத்தைப் போட்டாள். அது பாட்டுக்குத் தடதடவென்று ஓடியது. காற்று நின்ற பிறகும் காற்று மின்சாரம் ஓடுகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றாள். எல்லாக் கரண்டும் ஒரே கம்பியில்தான் வருகிறது, இதில் எதற்கு என்று அடையாளம் வைப்பது என்று தம்பி சொல்லப் பார்த்தான். அக்கா காதில் வாங்கவில்லை. அவள் கவலை கரண்டைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. கம்பெனிக்காரன் திருடட்டும், எரிவாயுக்காரன் திருடட்டும், அது ஊரோடு போகிற திருட்டு. தன் கையால் பொத்தான் போட்டுவிட்டவன் அதில் கூட்டா என்பதுதான் அவளைத் தின்றது. கூட்டு என்றால் மாடி அறையில் அவன் இருக்க முடியாது. அவன் இல்லாத மாடியை நினைத்துப் பார்த்தாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போ. நான் பாக்கணும்," என்றாள்.

"எதை அக்கா?"

"உள்ளே என்ன இருக்குன்னு."

பராமரிப்புக்காக ஒரு காற்றாடியை நிறுத்தியிருந்த நாளில், மேலதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, கம்பெனி வேனில் அவளை ஏற்றிக்கொண்டு போனான். அக்கா கடைக்குப் போடும் செருப்போடு, தலையில் அவன் கொடுத்த மஞ்சள் தொப்பியோடு, போலீஸ் சோதனைக்கு வந்தவள் மாதிரி இறங்கினாள். பக்கத்தில் போனால் அது கம்பம் மாதிரியே இல்லை. ஒரு வீட்டை உருட்டி நிமிர்த்தி வைத்த மாதிரி. அடியில் இரும்புக் கதவு. கதவு திறந்ததும் அக்கா கண்ணை மூடினாள். மூக்கைத்தான் முதலில் உள்ளே அனுப்பினாள்.

பெயிண்ட். கிரீஸ். குளிர்ந்த இரும்பு. ஓரத்தில் எலி.

புகை இல்லை.

கண்ணைத் திறந்து பார்த்தாள். ஒரு கம்பி அலமாரி, மேலே போய்க்கொண்டே இருக்கும் ஏணி, சுவரோடு தொங்கும் தடித்த வயர்கள். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினாள். சுவரைத் தட்டினாள். எஞ்சின் மேலே இருக்கும் என்ற சந்தேகத்தில் ஏணியில் மூன்று படி ஏறி, தலையை அண்ணாந்து நீளமாக முகர்ந்தாள். தம்பி கீழே அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனோடு வேலை செய்கிறவன் சிரிப்பை அடக்கத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

இறங்கும்போதுதான் கதவோரம் இருந்த நசுங்கிய டப்பாவைப் பார்த்தாள். பக்கத்தில் கந்தல் துணி மூட்டை. தம்பி கந்தலை டப்பாவில் நனைத்து, கையில் அப்பியிருந்த கறுப்புக் கிரீஸைத் துடைத்துக் காட்டினான். சோப்புக்குப் போகாத கிரீஸ் டீசலுக்குப் போகும். முழங்காலில் இருந்த கறையையும் அப்படியே துடைத்தான்.

அக்காவுக்கு முகம் வெளிறியது. எஞ்சினில் எரிந்த டீசலுக்கு ஒரு வாசனை, டப்பாவில் இருக்கும் எரியாத பச்சை டீசலுக்கு வேறு வாசனை. லாரிக்காரர்களின் சட்டையை வாரம் தவறாமல் துவைக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். தம்பியின் உடுப்பில் இருந்தது பச்சை டீசல். மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கேட்ட மண்டைதான் வேறு எதையோ கேட்டிருக்கிறது.

இந்த இடத்தில் அவள் பேசாமல் வேனில் ஏறி வந்திருக்கலாம். ஆனால் தோற்றுப்போன சந்தேகம் சும்மா வீட்டுக்குப் போகாது. வேறு கதவைத் தட்டும். எஞ்சின் இல்லை, டீசல் எரியவில்லை, எரிவாயு வாங்கவில்லை என்றால் செலவே இல்லை. செலவே இல்லாமல் விலை மட்டும் எரிவாயுவோடு ஏறுகிறது என்றால், நடுவில் இருக்கிற காசை யாரோ தின்கிறார்கள். வேனில் பின் இருக்கையில் உட்கார்ந்து இதைக் கொதிக்கக் கொதிக்க யோசித்துக்கொண்டே வந்தாள். கடை வாசலில் இறங்கியதும் கேட்டேவிட்டாள்.

"உனக்கு எவ்வளவுடா தர்றான்?"

"எதுக்கு?"

"என்னைச் சேத்துவிட்டதுக்கு. பாக்கெட்டுல ஒண்ணும் இல்லைன்னா வேற எங்க வச்சிருக்க?"

தம்பி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நிற்கிற விதத்தில் பொத்தான் போடத் தெரியாத பையன் ஒரு நொடி தெரிந்தான், மறைந்தான்.

"என் பாக்கெட்டையும் பாத்தியாக்கா?"

"எல்லார் பாக்கெட்டையும்தான் பாப்பேன்."

"நான் எல்லாருமா?"

அக்கா கடைக்குள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். தம்பி மாடிக்குப் போனான். மறுநாள் கீழே வந்து, அவளைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்து, மேட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துவிட்டதாகவும், திங்கட்கிழமை மத்தியானம் போய்விடப் போவதாகவும் சொன்னான். அக்கா ஒரு தலையணை உறையைத் திருப்பித் திருப்பி மடித்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று சொல்ல வேண்டும். சொன்னால், அவனைத் தான் நம்புவதாக ஆகிவிடும். நம்புவதற்குக் கையில் என்ன இருக்கிறது? அப்படித்தான் என்று சொன்ன ஒரு பெண்ணின் குரல் மட்டும்தானே.

திங்கட்கிழமை காலை தெருவுக்கு முக்கியமான நேரம். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரிய விடுதியின் படுக்கை விரிப்பு எல்லாம் இந்தத் தெருவில் உள்ள நாலு சலவைக்கடைக்குத்தான் வரும். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை நாலு பேரும் விடுதியின் பின்பக்கத் துணியறையில் கூடுவார்கள். ஒரு விரிப்புக்கு என்ன கூலி வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். குறைவாகச் சொன்னவருக்கு முதலில் அவர் தாங்குகிற அளவு விரிப்பு. அப்புறம் அடுத்தவருக்கு. இப்படியே மேலே மேலே போய், கடைசி விரிப்பு யார் கைக்குப் போகிறதோ அவர் சொன்ன கூலிதான் அந்த வாரம் எல்லாருக்கும். கடைசிக் கை என்று அதற்குப் பெயர். முன்பெல்லாம் அவரவர் சொன்னதை அவரவருக்குக் கொடுத்தார்கள். அது சரிப்படவில்லை. அடுத்தவர் என்ன சொல்வார் என்று மோப்பம் பிடித்து, அதற்கு ஒரு மயிரிழை கீழே சொல்வதே தொழிலாகிவிட்டது. எல்லாரும் பொய் சொன்னார்கள். அதில் அக்காதான் முதலிடம். துவைக்க நேரமில்லாமல் போன பிறகுதான் இந்த முறை வந்தது. இப்போது யாரும் பொய் சொல்லத் தேவையில்லை, தன் செலவைச் சொன்னால் போதும்.

விடுதி நிரம்பி வழிகிற காலத்தில் கடைசிக் கை எப்போதும் பாய்லர் அண்ணன்தான். அவர் கடையில் எரிவாயுவில் வெந்நீர் காய்ச்சுகிற பழைய பாய்லர் ஒன்று இருக்கிறது. அதற்குத் தீனி அதிகம், அதனால் அவர் கூலியும் அதிகம். அக்கா எப்போதும் முதல் கை. தனக்குக் கட்டுப்படியாகிற சின்னக் கூலியைச் சொல்லிவிட்டு, பாய்லர் அண்ணனின் பெரிய கூலியை வாங்கிக்கொண்டு வருவாள். இதை அவள் தன் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தாள். மூன்றாவது இயந்திரம் அந்தச் சாமர்த்தியத்தில் வாங்கியதுதான்.

அன்றைக்குப் பாய்லர் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். எரிவாயு ஏறிவிட்டது, பழைய கூலிக்கு என்னால் முடியாது என்று புதுக் கூலியைச் சொன்னார். வழக்கம்போல மற்ற மூன்று பேரும், அய்யோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்கள். அக்கா தலையை ஆட்டிய ஆட்டில் காதுத் தோடு குலுங்கியது.

ஆனால் துணியறைக்குப் புதிதாக ஒரு மேற்பார்வையாளரம்மா வந்திருந்தாள். முன்பு இருந்தவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவர். இவள் அப்படியில்லை. அடுக்கி வைத்திருந்த விரிப்பில் ஒன்றை உருவி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். தன்னைப் போல ஒருத்தியை அக்கா முதல்முறையாக எதிரே பார்க்கிறாள்.

"எரிவாயு ஏறினது அவருக்கு," என்றாள் அந்தம்மா. "உங்க கடை வாசல்ல காத்துல துவைக்கிறோம்னு பலகை வச்சிருக்கீங்க. நான் பாத்தேன். உங்களுக்கு எதுக்குங்க கூட்டித் தரணும்?"

அக்காவுக்குப் பதில் சொல்வது பெரிய காரியமா? மடமடவென்று வந்தது. "விடுதி நிறைஞ்சிருக்கு. அவர் இல்லாம உங்க விரிப்பு முடியாது. அவர் கேக்கறதைக் குடுத்தாத்தான் அவர் துவைப்பார். எனக்கு மட்டும் கம்மியாக் குடுத்தீங்கன்னா அடுத்த வாரம் நான் எதுக்கு உண்மையான கூலியைச் சொல்றேன்? நானும் அவர் கூலிக்குப் பக்கத்துலயே சொல்லுவேன். அப்புறம் எல்லாரும் பொய்தான் சொல்லணும். அதனால கடைசிக் கை என்ன கேக்குதோ அதுதான் எல்லாருக்கும்."

"நீங்க துவைக்கிறதுல எரிவாயுவே இல்லையே. அப்பவும் அதே விலையா? ஏன்?"

"அப்படித்தான்ம்மா," என்றாள் அக்கா.

சொன்ன வாய் அப்படியே நின்றது. அந்தச் சொல்லை எங்கே கேட்டோம் என்று அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அந்தக் குரல், அந்த மூச்சு, அந்தப் பணிவு, எல்லாம் அப்படியே தன் வாயிலிருந்து வந்திருந்தது. மேற்பார்வையாளரம்மா அவளைப் பார்த்த பார்வைகூட அவளுக்குப் பழக்கமானதுதான். போனை வைத்துவிட்டுத் தானே பார்த்த பார்வை அது.

மேட்டில் நிற்கும் காற்றாடி கரண்ட் சந்தையின் முதல் கை, அவளைப் போல. எரிவாயு நிலையம் பாய்லர் அண்ணன். காற்றாடிக்காரனுக்குச் செலவில்லை, ஆனால் கடைசிக் கை கேட்டதை அவனும் வாங்கிக்கொள்கிறான். தம்பி எதையும் தின்னவில்லை. தின்கிறவன் முதலாளி. அந்த முதலாளி என்ன செய்கிறான் என்றால், அக்கா இத்தனை வருஷமாகச் செய்ததைத்தான் செய்கிறான்.

பாய்லர் அண்ணன், "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். அந்த வாரம் விடுதியில் கூலி ஏறியது. எல்லாருக்கும்தான். விரிப்பு மூட்டையைக்கூட வண்டியில் ஏற்றாமல், அண்ணே, இதையும் உங்க வண்டியில போட்டுக்கிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். மத்தியானம் ஆகிக்கொண்டிருந்தது.

கடைக்குள் நுழைந்ததும் கணவர் கண்ணாலேயே மாடியைக் காட்டினார். ஏறினாள். தம்பி கட்டிலில் உட்கார்ந்து ஷூ நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். அலமாரி காலி. கதவோரம் இரண்டு பை, வாய் கட்டி.

மன்னிப்புக் கேட்பது எப்படி என்று அக்காவுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். குனிந்து, ஒரு பையின் முடிச்சை அவிழ்த்தாள்.

"போறப்பவும் சோதனையா?" என்றான் தம்பி. குரலில் கோபம் இருந்தது, ஆனால் அவன் எழுந்து வந்து தடுக்கவில்லை.

மேலே இருந்த சட்டையை எடுத்தாள். முகர்ந்தாள். அடுத்ததை எடுத்தாள். வியர்வை, கிரீஸ், பச்சை டீசல். இரண்டாவது பையையும் அவிழ்த்தாள். அதுவும் அப்படியே. போன வாரத்து உடுப்பு, அதற்கு முந்தைய வாரத்துக் காலுறை, தலையணை உறைகூட அழுக்கு. துவைத்து மடித்த துணி ஒன்றுகூட இல்லை.

கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். அவள் போன மாதம் துவைத்துக் கொடுத்த நல்ல துணியெல்லாம் அங்கே ஒரு பெட்டியில் அழகாக அடுக்கி இருந்தது.

அக்கா நிமிர்ந்தாள். தம்பி ஷூ நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

"வேற இடத்துக்குக் குடிபோறவன் எவன்டா அழுக்குத் துணியை மட்டும் கட்டிக்கிட்டுப் போவான்?"

"அங்க போய் துவைச்சுக்கலாம்னு..."

"எங்க? அறை எங்க பாத்திருக்க?"

தம்பி முடிச்சை இன்னும் இறுக்கினான். அறை என்று ஒன்று இருந்திருந்தால் அதைப் பார்க்கப் போன துணியில் அதன் வாசனை ஒட்டியிருக்கும். இல்லை. யாராவது வந்து நிறுத்த வேண்டும் என்று காலையிலிருந்து ஒரே ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருக்கிறான். முடிச்சு பாறை மாதிரி இறுகியிருந்தது.

அக்கா இரண்டு பையையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டாள். படி இறங்கும்போது திரும்பிப் பார்க்காமல் பேசினாள். உன் முதலாளி திருடன் இல்லை, என்னை மாதிரி ஒருத்தன், அது அதைவிட மோசம் என்றாள். மாடியில் ஷூவைக் கழற்றி எறிகிற சத்தம் கேட்டது, ஒன்று, அப்புறம் இன்னொன்று.

கீழே வந்து வேலை உடுப்பை இயந்திரத்தில் போட்டாள். போடும் முன் பாக்கெட்டை உதறினாள். ஏதோ கணகணவென்று தரையில் விழுந்து மேசைக்கடியில் உருண்டது. போல்ட்டோ, காசோ. அக்கா குனிந்து பார்க்கவில்லை.

பிறகு வெளியே போய்ப் பலகையைக் கழற்றலாமா என்று சற்று நேரம் நின்றாள். மேட்டில் இறக்கை நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் பாய்லர் அண்ணன் விரிப்பு மூட்டைகளோடு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் பாய்லர் தின்கிற எரிவாயு என்ன விலையோ அதை ஒட்டித்தான் தன் கூலியும், தன் கரண்டும். இத்தனை நாள் அந்த மனிதரிடம் சௌக்கியமா என்றுகூடச் சரியாகக் கேட்டதில்லை.

"அண்ணே," என்றாள், "எரிவாயு இன்னும் ஏறுமா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

அக்கா அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். உண்மையிலேயே தெரியாதா, தெரிந்து மறைக்கிறாரா என்று அவளுக்கு ஒரு சந்தேகம். உள்ளே பெட்டி, சரி விடு என்பது போல, ஒரு முறை புஸ் என்றது.